காளிராஜ் அண்ணன் அறுத்த கிராங்க்

எங்கள் தெருவில் காளிராஜ் அண்ணனின் சைக்கிளை யாரும் இரவல் கேட்க மாட்டார்கள். அதில் ஸ்டாண்டு கிடையாது, கேரியர் கிடையாது, மட்கார்டு கிடையாது, பெல் கூடக் கிடையாது. எல்லாம் வீண் எடை என்று கழற்றி எறிந்துவிட்டார். இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் அவர் ஃபிட்டர். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் அதில் எதைக் குறைக்கலாம் என்றுதான் பார்ப்பார். வீட்டுக் குழம்புக் கரண்டியின் காம்பையே பாதியாக அறுத்தவர். அதற்காக அவர் மனைவி செல்லக்கனி மதினி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. இந்த மனிதர் இல்லையென்றால் எனக்கு இருபத்தைந்து வருட உத்தியோகம் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஜெயபாய். 1986-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் என் இடது கால் சூம்பி, வலது காலைவிட இரண்டு அங்குலம் குட்டையாகிவிட்டது. டைப்பிஸ்டுக்குக் கைதான் முக்கியம். ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து என் கையைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. நாற்காலியில் உட்காரும் முன்பே எல்லோருடைய கண்ணும் கீழே போய்விடும். "பிறவியிலேயா, இடையிலேயா?" என்று கேட்ட புண்ணியவான்களை நான் எண்ணியதில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "இடையில வந்துச்சு, உங்களுக்கும் வரணுமா?" என்று ஒருவரிடம் கேட்டே விட்டேன். அவர் ஹெட் கிளார்க் என்று பிறகுதான் தெரிந்தது.

அலுவலகம் பன்னிரண்டு கிலோமீட்டர். பஞ்சு மார்க்கெட் நிறுத்தத்தில் பஸ்கள் எப்போதும் ஐம்பதடி தள்ளித்தான் நிற்கும். மற்றவர்கள் ஓடி ஏறிவிடுவார்கள். நான் படிக்கட்டை எட்டும்போது விசில் ஊதிவிடும். மாதத்தில் பத்து நாள் தாமதம். தகுதிகாண் காலம் முடிய மூன்று மாதம் இருந்தபோது மேலதிகாரி கூப்பிட்டார். இன்னும் தாமதம் தொடர்ந்தால் வேலை நிரந்தரமாகாது, மேலே எழுதிவிடுவேன் என்றார். அப்பா இறந்த பிறகு வீட்டுக்கு வந்த ஒரே சம்பளம் என்னுடையது. அம்மாவிடம் நான் அதைச் சொல்லவே இல்லை.

இரவு ஷிப்டு முடிந்தோ காலை ஷிப்டு தொடங்கும் முன்போ அந்த வழியாகப் போகும் காளிராஜ் அண்ணன் மூன்று நாள் நான் பஸ்ஸை விட்டதைப் பார்த்திருக்கிறார். நான்காம் நாள் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார்.

"தங்கச்சி, சைக்கிள் ஓட்டுவியா?"

"சின்னப்பிள்ளையில ஓட்டியிருக்கேன்ணே. ஒத்தக் காலாலேயே மிதிச்சு. மூணு தெரு தாண்டினா மூச்சு வாங்கும்."

"அது உங்கிட்ட உள்ள கோளாறு இல்ல. அந்த இரும்புச் சனியன் இருவது கிலோவுக்கு மேல இருக்கும்லா. லேசான வண்டி ஒண்ணு நான் பாக்கேன்."

பார்த்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பின்னால் சுந்தரபாண்டியன் என்று ஓய்வுபெற்ற ஹவில்தார் இருந்தார். பட்டாளத்தில் சைக்கிள் பந்தயம் ஓட்டியவர். மகளுக்கென்று பூனாவிலிருந்து பெண்கள் ஓட்டும் பந்தய சைக்கிள் ஒன்று கொண்டுவந்திருந்தார். மகள் ஒரே ஒரு தடவை ஏறி, குனிந்து ஓட்ட வெட்கமாக இருக்கிறது என்று இறங்கிவிட்டாளாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன், மதினி, நான் மூவரும் போனோம். ஹவில்தார் எங்களுக்குப் பால்கோவா கொடுத்தார். அண்ணன் அதைத் தொடவில்லை. நேராகப் போய் சைக்கிளை இரண்டு விரலால் தூக்கினார். தூக்கியவர் கீழே வைக்கவில்லை.

"என்ன வே, இதுக்கே வாயப் பொளக்கீரு?" என்றார் ஹவில்தார். "வெளிநாட்டுல கார்பன் நூலை அடுக்கடுக்கா ஒட்டி சைக்கிள் பண்ணுதானாம். அதை ஒத்த விரல்ல தூக்கலாமாம்."

"நூலா?" அண்ணனின் முகம் மாறிவிட்டது. "எத்தனாம் நம்பர் நூலு?"

நூல் எவ்வளவு மெல்லிசு என்பதை மில்லில் நம்பரால்தான் சொல்வார்கள்; ஹவில்தாருக்கு அது தெரியவில்லை. அண்ணனுக்குக் கடைசிவரை அது ஒரு குறைதான். பத்து வருடம் கழித்துக்கூட, பேப்பரில் சைக்கிள் படம் வந்தால் என்னிடம் கொண்டுவந்து, "இதுல நூலு நம்பர் போட்டிருக்கானா பாரு" என்பார். சைக்கிளை நான் கையிலிருந்த சீட்டுப் பணத்தைக் கொடுத்து வாங்கினேன். பேரம் பேசக்கூட அண்ணன் விடவில்லை. பேசினால் ஹவில்தார் மனம் மாறிவிடுவாராம்.

வாங்கிவிட்டால் போதுமா? என் கால்களுக்கு அதைப் பொருத்த வேண்டும். பெடலைத் தாங்கிச் சுற்றும் கை இருக்கிறதே, அதைக் கிராங்க் என்பார்கள். குட்டைக் கால் பக்கத்துக் கிராங்கில் இன்னும் உள்ளே தள்ளி ஓட்டை போட்டு, மரை வெட்டி, பெடலை அங்கே மாட்டினால் அந்தக் காலுக்குச் சின்ன வட்டம் கிடைக்கும். எட்டும், மிதிக்கலாம். இதை அண்ணன் தரையில் கரித்துண்டால் வரைந்து காட்டினார். அளவு வேண்டுமே என்றேன். உடனே எழுந்து வெளியே போய்விட்டார். அளவு எடுக்க மதினிதான் வந்தாள், கையில் இரண்டு மில் நூலோடு.

"ஏட்டி ஜெயா, இடுப்புல இருந்து குதிகால் வரைக்கும் அளக்கணுமாம். இடதுக்கு ஒரு முடிச்சு, வலதுக்கு ரெண்டு முடிச்சு. அந்த மனுசன் நாலு தடவ சொல்லி அனுப்பியிருக்காவ."

மதினி எனக்கு எதிரே உட்கார்ந்து அளந்தாள், முடிச்சுப் போட்டாள், கொண்டுபோனாள். நானும் டைப் அடித்து அடித்து அசந்த அலுப்பில் கவனிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமையும் பஸ்ஸை விட்டேன். மேலதிகாரி கோபப்படக்கூட இல்லை. "திங்கக்கெழமை பத்து மணிக்கு நீங்க சீட்ல இல்லைன்னா, கடிதம் போயிரும்மா" என்றார். அவர் அமைதியாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது.

ஞாயிறு மதியம் அண்ணன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். மதினி வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனித் துணியைக் கைப்பிடி முழுக்கச் சுற்றியிருந்தார். சைக்கிளுக்கு அடிபட்டுக் கட்டுப் போட்டது போல இருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு அலுமினியத் துண்டை எடுத்துப் பெருமையாகக் காட்டினார். புது ஓட்டைக்கு வெளியே மிச்சமிருந்த கிராங்க் நுனி. வீண் எடை என்று அறுத்துவிட்டாராம்.

சேலையைச் சொருகிக்கொண்டு ஏறினேன். வலது கால் சின்ன வட்டத்தில் மடங்கி முட்டி நெஞ்சில் இடித்தது. இடது கால் பெடலைத் தேடிக் காற்றில் துழாவியது. அப்படியே சரிந்து செல்லக்கனி மதினி மேல் விழுந்தேன்.

மதினி எதிரே உட்கார்ந்து அளந்ததில் அவளுடைய இடது என்னுடைய வலதாகிவிட்டது. அண்ணன் நல்ல காலின் கிராங்கை அறுத்திருக்கிறார். அந்த மாதிரிக் கிராங்க் இராஜபாளையத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காது. விடிந்தால் திங்கள்.

எனக்குக் கண்மண் தெரியாமல் கோபம் வந்தது. "முடிச்சு மாறினா என்னண்ணே? எனக்கு எந்தக் கால் குட்டைன்னு ஊருக்கே தெரியும். பஸ் கண்டக்டருக்குத் தெரியும், பால்காரனுக்குத் தெரியும். எட்டு வருசமா எதுத்த வீட்டுல இருக்கீய. உங்களுக்கு மட்டும் தெரியாதா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

அண்ணன் கையிலிருந்த துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியாதே தங்கச்சி. நான் பாத்ததில்லையே."

எட்டு வருடம் எதிரெதிர் வீட்டில் இருந்து, நல்லது கெட்டது பேசி, எங்கள் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள் வரை சரிசெய்து கொடுத்தவர். நான் விந்தி நடப்பது தெரியும். எந்தக் கால் என்று அவர் பார்க்கவே இல்லை. அப்படி ஒரு ஆள் இருப்பார் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை. மதினி மேல் சாய்ந்தபடியே அழுதேன். அடி பலம் என்று நினைத்து மதினி என் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் செத்த நேரம் கீழே குந்தி, இரண்டு கிராங்குகளையும் விரலால் அளந்தார். பிறகு எழுந்தார்.

"அறுத்தது அறுத்ததுதான். வலதுக்கு இதுவே இருக்கட்டும். இடதை இதைவிடச் சின்னதாக்கிருவோம். ரெண்டு காலுக்கும் வட்டம் சிறுசாயிரும், சீட்டை ஏத்தினா முட்டி இடிக்காது. மிதிக்கது நெறைய இருக்கும், ஆனா லேசா இருக்கும். வண்டி லேசுதான, போயிரும்."

நேரே லேத் பட்டறைக்கு உருட்டிக்கொண்டு போனார். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கமாகச் சுற்றுமாம், அதற்கான கருவி மில்லில்தான் இருக்கிறது என்று அங்கும் ஓடியிருக்கிறார். வெயில் தாழும்போது திரும்பி வந்தார். இந்த முறை நுனியை அறுக்கவில்லை. "எடை கெடந்துட்டுப் போகுது" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை மதினியால் நம்பவே முடியவில்லை. தெருவில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். முதல் முறையாக என் இடது கால் தானும் வேலை செய்தது.

மறுநாள் எட்டரைக்குக் கிளம்பினேன். கால் இரண்டும் தையல் மெஷின் போலக் கடகடவென்று சுற்றின. பஞ்சு மார்க்கெட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஆடிக் காற்று முதுகில் தள்ளியது. வன்னியம்பட்டி விலக்கு தாண்டியபோது எனக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் நிற்கவில்லை. நிறுத்தினால் மறுபடி ஏற முடியாதோ என்று பயம். கர்த்தரே, கர்த்தரே என்று மிதித்தேன். பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். மேலதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் வழக்கம்போலக் காலைப் பார்த்தார். எனக்குக் கோபமே வரவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தால், சைக்கிள் நிறுத்துமிடத்தில் காளிராஜ் அண்ணன் குந்தியிருக்கிறார். இரவு ஷிப்டு முடித்துப் பஞ்சு ஒட்டிய தலையோடு, கையில் ஸ்பேனர். நொண்டிக்கொண்டே ஓடினேன்.

"எப்பண்ணே வந்தீய?"

"எட்டு அம்பது பஸ்ல. விலக்குக்கிட்ட உன்னைத் தாண்டினோம். மரை தாங்குமோ என்னமோன்னு மனசு கேக்கல. நல்லாத்தான் தாங்கியிருக்கு."

"அண்ணே, நீங்க நல்லாயிருக்கணும்ணே" என்றேன்.

அவர் நிமிரவில்லை. இடது பெடலை ஒரு சுற்று இறுக்கினார்.

"அளவு மாறிப்போச்சேன்னு எனக்குத்தான் ராத்திரி வேலையே ஓடல. உனக்கு இடது காலு. இனிமே மறக்க மாட்டேன் தங்கச்சி."

"வேண்டாம்ணே" என்றேன். "மறந்துருங்க."