பார்கோடுக்குப் பின்னால் கறுத்த புளி

கம்பைநல்லூரில் எங்கள் வீட்டிலேயே கொட்டை நீக்கிய புளியைப் பாக்கெட் போட்டு, தருமபுரியில் ஒரே ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குக் கொடுத்துவந்தோம். அதற்காக அந்த மேனேஜரிடம் நானும் என் வீட்டுக்காரரும் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. ஒரு நிபந்தனை போட்டார்: பார்கோடு ரீட் ஆகாவிட்டால் மொத்தச் சரக்கும் திரும்பிவிடும், அப்புறம் அந்தப் பக்கமே வரக்கூடாது.

புளியின் செந்நிறம் தெரியட்டும் என்று கண்ணாடி மாதிரியான கவர் அச்சடித்தோம். பார்கோடுக்குப் பின்னால் வெள்ளை அடித்துவிடலாமா என்று அச்சகத்துக்காரர் கேட்டார். பிளாஸ்திரி ஒட்டிய மாதிரி அசிங்கமாக இருக்கும் என்று இரண்டு பேருமே மறுத்துவிட்டோம். புதுப்புளி நிரப்பிய பாக்கெட்டைக் கடையில் ஸ்கேன் செய்து பார்த்தார்கள், 'பீப்' என்றது. அந்தச் சத்தத்துக்கு என் வீட்டுக்காரர் கற்பூரம் ஏற்றாத குறைதான்.

மழை பிடித்த ஒரு வாரத்தில், வீட்டில் மிஞ்சியிருந்த பாக்கெட்டை எதேச்சையாக எடுத்தேன். புளி கறுத்திருந்தது. நாள்பட்டால் புளி கறுக்கத்தானே செய்யும்! இந்தப் புத்தி அப்போது எங்கே போயிருந்ததோ. எது கோடு, எது புளி என்று என் கண்ணுக்கே தெரியவில்லை. கடை அலமாரியில் இருப்பதும் இதே புளிதான்.

வீட்டுக்காரரிடம் சொன்னால் அவருக்குச் சோறு இறங்காது. சொல்லாமலே பஸ் ஏறினேன். மேனேஜர் கண்ணில் படாமல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எங்கள் பாக்கெட் ஒன்றையே எடுத்து வரிசையில் நின்றேன். பில் போடும் பெண் ஸ்கேனரில் காட்டினாள், சத்தமில்லை. துடைத்துக் காட்டினாள், அப்போதும் இல்லை. பிறகு கோடுகளுக்குக் கீழே இருந்த எண்களைக் கையாலேயே அடித்தாள்.

“கொஞ்ச நாளாவே இப்பிடித்தாங்கக்கா. மேல சொன்னா திருப்பி அனுப்பிருவாங்க. பாவம், யாரோ வூட்ல கஷ்டப்பட்டுப் பண்றாங்க,” என்றாள் மெதுவாக.

அது நாங்கள்தான் என்று சொல்லிவிட நினைத்தேன். வாயைத் திறப்பதற்குள் பக்கத்துக் கவுன்ட்டரில் பில் போடுபவர் எங்கள் பாக்கெட் ஒன்றை உயர்த்திப் பிடித்து, ரீட் ஆகவில்லை என்று மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் வந்து பார்த்தார். இத்தனை நாள் இதைத் தன்னிடம் சொல்லாமல் பில் போட்டது யார் என்று கேட்டார். எனக்குப் பில் போட்ட பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது.

முந்தானையை விலக்கினேன்.

“அந்தப் புள்ளைய ஒண்ணும் கேக்காதீங்க சார். இது எங்க புளிங்க. எல்லாத்தயும் நானே எடுத்துக்கிட்டுப் போயிர்றேன்.”

அலமாரியிலிருந்து பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினேன்.