அப்பா தம்பியைக் குளிப்பாட்டிய நாள்

தி. நகர் கடையில், பிறக்கப்போகும் எங்கள் குழந்தையைக் குளிப்பாட்ட ஒரு டப்பைக் கையில் எடுத்ததும் புது பிளாஸ்டிக் வாசனை வந்தது. எனக்கு ஏழு வயதில், மேற்கு மாம்பலம் வீட்டுக்கு அப்பா வாங்கி வந்த நீல டப்பிலும் இதே வாசனைதான்.

அப்போது தம்பி பிறந்து பதினைந்து நாள். ஆபரேஷன் ஆன அம்மாவால் காலை நீட்டி உட்கார்ந்து அவனைக் குளிப்பாட்ட முடியவில்லை. தினமும் குளிப்பாட்ட வரும் ஆயாவும் காய்ச்சலில் படுத்துவிட்டார். "நான் பாத்துக்கறேன்" என்ற அப்பா, முதலில் என் பொம்மையை வைத்து இரண்டு முறை பழகிக்கொண்டார்.

பக்கத்து வீட்டு சரோஜா அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. "இன்னா நைனா, பச்சக் கொழந்த. கை நழுவிடப் போவுது."

"அடியில துண்டு போட்டுக்கீறேன்க்கா. நழுவாது."

டப்பில் கொஞ்சமாகத்தான் வெந்நீர் ஊற்றினார். முழங்கையை நனைத்துச் சூடு பார்த்தார். தம்பியின் கழுத்தை இடது கையில் தாங்கி மெல்ல இறக்கினார். அவன் வீறிட்டான். கட்டிலில் படுத்திருந்த அம்மா பதறி எழப் பார்த்தார். அப்பா அவசரப்படாமல் அவன் வயிற்றில் தண்ணீரை வழியவிட்டார். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. தம்பி கண்ணைத் திறந்து அப்பாவையே பார்த்தான்.

அம்மா மறுபடி தலையணையில் சாய்ந்தார். "நாளைக்கும் நீயே குளிப்பாட்டிடுய்யா."

கடையில் என் கணவர் எந்த டப் வாங்குவது என்று இன்னும் முடிவு செய்யாமல் நின்றிருந்தார். நான் அகலமான, சாதாரண டப் ஒன்றை எடுத்துக் காட்டினேன்.

"உனக்குக் குளிப்பாட்டத் தெரியுமா?" என்று கேட்டார்.

"மொத நாள் நீதான் குளிப்பாட்டப் போற."

அவர் டப்பை என்னிடமிருந்து வாங்கி, இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார்.