உதட்டுக்குப் பிந்திய குரல்

அவன் சாப்பிட்ட தட்டை என் அக்கா கழுவியிருக்கிறாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் ஆபீஸ். இணையத்தில் வரும் வீடியோவை மற்றவர்களின் ஆப்களுக்குள் ஓட்டித் தரும் ஒரு மென்பொருள் லைப்ரரியை நாங்கள் எழுதுகிறோம். நானும் பூந்தமல்லிக்காரனான அவனும் பக்கத்துப் பக்கத்து சீட். லைப்ரரியில் ஒரு பழைய கோளாறு உண்டு. படத்தை வந்தது வந்தபடி திரையில் கொட்டிவிடும், ஒலி தன்பாட்டுக்குப் பின்னால் வரும். வாய் மூடிய பிறகு பேச்சு கேட்கும்.

மற்றவர்களுக்கு அது வெறும் எரிச்சல். என் அக்காவுக்குப் பாடமே போயிற்று. காதுக்கருவி போட்டாலும் அவளுக்குப் பாதிதான் கேட்கும். மீதியை உதட்டைப் பார்த்துப் பிடிப்பாள். அரசுத் தேர்வுக்காக அவள் சேர்ந்திருந்த நேரலை வகுப்பின் ஆப் எங்கள் லைப்ரரியில்தான் ஓடியது. வயது வரம்பு முடிவதால் அவளுக்கு இது கடைசி வாய்ப்பு.

நானும் அவனும் சேர்ந்து உட்கார்ந்தோம். ஒலி எந்த இடத்தில் இருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் படம் திரைக்குப் போக வேண்டும், முந்தி வந்தால் நிற்க வேண்டும், ரொம்பப் பிந்தினால் அந்த ஒரு ஃப்ரேமை மட்டும் காட்டாமல் விட்டுவிட வேண்டும் என்று மாற்றினோம். சனிக்கிழமைகளில் ஆவடியில் எங்கள் அப்பாவின் ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்கு லேப்டாப்போடு வருவான். அக்காவை எதிரில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுவோம். ஆபீஸ் டெஸ்ட் சரி என்று சொன்னதை அவள் கண் தப்பு என்று சொல்லும்.

"இன்னாக்கா, இப்போ கரீட்டா கீதா?"

"கொஞ்சம் பிந்துது தம்பி." பார்த்தால் நிஜமாகவே பிந்தியிருக்கும்!

ஒருநாள் "இப்போ சரி" என்று சொல்லிக் கண் கலங்கினாள். "இனிமே ஒரு வார்த்த உடமாட்ட பாரு, நான் கேரண்டி" என்றான் அவன். மீன் குழம்பு இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டான்.

வாடிக்கையாளருக்குக் காட்டிய அன்று, மட்டமான போன் ஒன்றில் படம் வெட்டி வெட்டி ஓடியது. ஒரு வாரம் கொடுத்தால் சரிசெய்திருக்கலாம். மேனேஜர், "யார் பண்ணது இது?" என்றார். பிந்திய ஃப்ரேமை விட்டுவிடும் அந்தப் பகுதியை எழுதியவன் அவன். நாக்கு கூசாமல் சொன்னான்: "நான் அப்பவே வேணாம்னேன் சார். இவங்க அக்காவுக்குக் காது கேக்காது, அதுக்கோசரம் இவன் பண்ணிட்டான்."

அறை மொத்தமும் என்னைப் பார்த்தது. எங்கள் மாற்றத்தை முழுக்க அணைத்துவிட்டு, பழையபடியே வெளியிட்டார்கள். வராந்தாவில் அவன் சட்டையைப் பிடித்தேன். "உடு மாமே, அப்ரைசல் டைம்ல என்ன மாட்டிக்க சொல்றியா?" என்றான். கூடவே இருந்து குழி பறித்தவனுக்கு அது சாதாரணமாக இருந்தது.

அக்காவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இன்று நாளை என்று ஒரு வாரம் தள்ளினேன், மடையன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கருவியைக் கழற்றி பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தாள். ஆப்பைச் சரிசெய்தாகிவிட்டது என்று நம்பியிருந்தவளுக்கு வாரம் முழுக்க வகுப்பு புரியவில்லையாம். "மெஷின்தான் போயிடுச்சு போலடா. உன்ன எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு அந்தத் தம்பிகிட்டயே கேட்டேன்" என்று போனை நீட்டினாள்.

'ஆப் பக்காவா கீதுக்கா. உன் மெஷின எதுக்கும் செக் பண்ணிக்கோ' என்று எழுதியிருந்தான்.

"எவ்ளோ அக்கறையா சொல்லுது பாரு" என்றாள்.

கருவியை அவள் காதில் பொருத்தும்வரை காத்திருந்தேன். ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழும்படி நின்றுகொண்டு, "மெஷின் நல்லாத்தான்க்கா இருக்கு. ஆப்தான் பழையபடியே ஓடுது, அவன் பொய் சொல்றான். எனக்கும் ஒரு வாரமா தெரியும்" என்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது, முகமே சொன்னது. இருந்தும், "சரியா கேக்கல, இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.