ஓடக் கூடாத பந்தயம்

அந்த ஆஸ்பத்திரியில் நர்சுகள் ஓடக் கூடாது. தீப்பிடித்தால்கூட ஓடக் கூடாது என்பது ஹெட் நர்ஸ் போட்ட சட்டம். நர்ஸ் ஓடுவதைப் பார்த்தால் படுத்திருக்கிறவர்களுக்குப் பாதி நோய் பயத்திலேயே கூடிவிடும் என்பார் அந்த அம்மாள். சரி, மெதுவாகப் போகலாம் என்றால் அதற்கும் விடமாட்டார். "அங்க ஒருத்தருக்கு மூச்சு இழுக்குது, இங்க உனக்கு என்னடி அன்னநடை?" என்பார். ஓடவும் கூடாது, நடக்கவும் கூடாது என்றால் மனுஷி என்னதான் செய்வாள்? நம் நர்ஸ் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடித்தாள். இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, முழங்காலை மடக்காமல், ஈரம் காயாத நீளத் தாழ்வாரத்தில் வழுக்காமல் ஒரு நடை. நோயாளிகள் அவளுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அவள் புருஷன் அதே ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் டிரைவர். ஒருநாள் வரவேற்பறை டிவியில் எதையோ பார்த்துவிட்டு அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"இங்க பாரு, உன்ன மாதிரியே இடுப்ப ஆட்டிக்கிட்டு ஒரு கூட்டமே போகுது. இதுக்குப் போய் மெடல் குடுக்குறாங்க!"

யாரும் கேட்காமலே அன்றிலிருந்து அவர் பயிற்சியாளர் ஆகிவிட்டார். அவர்கள் நாடு உள்ளங்கை அகலம்தான். நீளமாக நடந்து பழகலாம் என்று ஒரு பக்கமாகக் கிளம்பினால், கால் சூடாவதற்குள் நாடு முடிந்து கடல் வந்துவிடும். அதனால் ஆஸ்பத்திரி மதிலையே சுற்றிச் சுற்றி வந்தாள். ஜன்னல் ஓரக் கட்டில்காரர்கள் கை தட்டினார்கள். உலகப் போட்டிக்கான தேர்வுப் பந்தயத்தில் அவளோடு போட்டி போட வந்தது இரண்டே பேர். அதில் ஒருத்தி பாதியிலேயே ஓடிவிட்டாள். ஓடினாள் என்றால் நிஜமாகவே ஓடினாள். ஆட்டத்தை விட்டே எடுத்துவிட்டார்கள்.

இந்த நடைப் பந்தயத்தின் சூட்சுமமே அதுதான். ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். ஊன்றுகிற காலின் முழங்கால் மடங்கக் கூடாது. தப்பு செய்தால் வழிநெடுக நிற்கும் நடுவர்கள் எழுதிக் கொடுப்பார்கள், பலகையில் பெயருக்கு எதிரே சிவப்புப் புள்ளி விழும். மூன்று விழுந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இதற்கு முன் அந்த நாட்டிலிருந்து உலகப் போட்டிக்குப் போன இருவரும் மூன்று புள்ளி வாங்கித்தான் திரும்பினார்கள். முடித்தவர்கள் பட்டியலில் அவர்கள் நாட்டின் பெயர் ஒரு தடவைகூட ஏறியதில்லை. நர்சுக்குப் பதக்க ஆசையெல்லாம் கிடையாது. அந்தப் பட்டியலில் ஏற வேண்டும், எத்தனையாவது இடமானாலும் சரி. அந்த ஆசை மட்டும் அவளைத் தூங்கவிடவில்லை.

உலகப் போட்டி நாளும் வந்தது. பெரிய ஊர், அகலச் சாலை, இரண்டு பக்கமும் ஜனம். போவதும் திரும்புவதுமாக ஒரே சாலையில் பல சுற்று. முதல் சுற்றிலேயே அவள் வேலையைக் காட்டிவிட்டாள். முன்னால் போனவர்கள் தண்ணீர் குடித்துவிட்டுக் காகிதக் கோப்பைகளைச் சாலையிலேயே வீசினார்கள். தரையில் கோப்பை கிடந்தால் யாராவது வழுக்கி விழுவார்கள் என்று வார்டில் வருஷக்கணக்காகப் பழகிய உடம்பு. குனிந்தாள், பொறுக்கினாள், குப்பைத்தொட்டி எங்கே என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். முழங்கால் மடங்கியதை நடுவர் பார்த்துவிட்டார். முதல் புள்ளி.

தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். "பெருக்கவா ப்ளைட் ஏறி வந்தோம்? கீழ போடு அத!"

அவமானத்தில் வேகம் கூட்டினாள். பெரிய நாட்டுக்காரிகளின் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு போக ஆசைப்பட்டு, இரண்டு காலும் ஒருசேரத் தரையை விட்டன. இரண்டாவது புள்ளி. இனி ஒன்று விழுந்தால் கதை முடிந்தது.

அதற்குப் பிறகு அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு அடியையும் எண்ணி எண்ணி வைத்தாள். நடுவர் கண்ணில் பட்டால் இன்னும் தளர்ந்தாள். பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருத்தியாகத் தாண்டிப் போனார்கள். மெதுவாகப் போகிறவர்களை ஒரு நேரத்துக்கு மேல் நிறுத்திவிடுவார்கள். கடைசிச் சுற்றில் அவளுக்குப் பின்னால் துப்புரவு வண்டிதான் வந்துகொண்டிருந்தது. டிரைவருக்குக் கத்திக் கத்திக் குரல் கட்டிவிட்டது.

அப்போது பக்கத்துத் தெருவில் ஓர் ஆம்புலன்ஸ் அலறியது. யாருக்கு என்ன ஆச்சோ, பந்தயத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அவள் காலுக்கு அது எப்படித் தெரியும்? சைரன் கேட்டால் வாசலுக்குப் போயாக வேண்டும், ஓடாமல் போயாக வேண்டும். இடுப்பு தானாக வெட்டியது. நடுவர், புள்ளி, பயம் எல்லாம் எங்கோ போய்விட்டன. தடுப்புக்கு அப்பால் டிரைவரும் அனிச்சையாகப் பாக்கெட்டில் வண்டிச் சாவியைத் தேடினார். முன்னால் தள்ளாடிக்கொண்டிருந்தவர்களை வார்டில் பார்வையாளர்களை விலக்குகிற மாதிரி, "கொஞ்சம் வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க" என்று தாய்மொழியிலேயே சொல்லிக்கொண்டு தாண்டினாள். ஒரு நடுவர் கிட்டத்தட்ட மண்டியிட்டு அவள் பாதத்தையே பார்த்தார். எழுத ஒன்றும் கிடைக்காமல் எழுந்துகொண்டார்.

கோட்டைத் தாண்டியதும் பெரிய பலகையில் அவள் பெயர் வந்தது. எதிரே நாடு, நேரம், நாற்பத்தோராவது இடம். அவளுக்குக் கண் மங்கியது. "சரியாத்தான் போட்டிருக்காங்களா, படிச்சுச் சொல்லுங்க" என்றாள் புருஷனிடம். குரல் கட்டியிருந்த அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனை எடுத்து அவள் காதில் வைத்தார். ஊரில் டிவி பார்த்துக்கொண்டிருந்த வார்டே கூச்சலாக இருந்தது. எல்லோருக்கும் மேலே ஒரு குரல், இத்தனை வருஷம் 'உஷ்' என்று வாயில் விரல் வைத்தே பழகிய ஹெட் நர்சின் குரல்.

"ஜெயிச்சுட்டடி!"

"ஐயோ மேடம், நாப்பத்தொண்ணாவதா வந்திருக்கேன்."

"அது தெரியுது. உனக்குப் பின்னால எத்தன பேரு?"

திரும்பிப் பார்த்தாள். இன்னும் வந்துகொண்டிருந்தார்கள்.

"ஆறு பேரு மேடம்."

"அப்ப ஆறு பேர ஜெயிச்சிருக்க. நம்ம நாட்டுல இதுக்கு முன்னால யாரு ஜெயிச்சா, சொல்லு?"

அவள் நடுச்சாலையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள்.