குயிலுக்கு விடிந்த நேரம்

2024 மார்ச் 9, சனிக்கிழமை. குயிலின் முதல் குரல் காலை 4.18. எழுந்தது 5.30. பால் காய்ச்சியது, குளித்தது, சாமி கும்பிட்டது, மாடித் தாழ்வாரத் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டது 7.15 வரை. இட்லி மூன்று. வீட்டை விட்டுக் கிளம்பியது 8.50.

சனிக்கிழமைகளில் எனக்கு அரை நாள் வேலை. ஈசூனில் ரயிலேறி நியூட்டனில் மாறி லிட்டில் இந்தியாவில் இறங்கினால், சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை. வருபவரின் இரண்டு கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து எழுதுவது என் பொறுப்பு. இரண்டு மில்லிமீட்டர் பிசகினால் போட்டுக்கொள்பவருக்குத் தலை சுற்றும், சமதரை சாய்வாகத் தெரியும். இருபத்திரண்டு ஆண்டுகளாக அளக்கிறேன். எதையும் எழுதி வைக்கும் பழக்கம் அங்கிருந்து வந்ததா, அந்தப் பழக்கம் இருந்ததால்தான் அங்கே நிலைத்தேனா தெரியவில்லை.

கடைக்குப் போகும் வழியில் பூக்கடைகள். அன்றைக்கு மாவிலைக் கட்டுகள் வந்து இறங்கியிருந்தன. வேப்பிலை, வில்வம், பனி உலராத அருகம்புல், எல்லாம் கடற்பாலத்துக்கு அப்பால், பக்கத்து நாட்டிலிருந்து லாரியில் பெட்டி பெட்டியாக வருபவை. பத்தடி தள்ளிச் சாலையோரத்தில் ஒரு மாமரம் கிளை நிறைய இலையோடு நிற்கிறது. அதில் ஒன்றைக்கூட யாரும் பறிப்பதில்லை, பறிக்கவும் கூடாது. மரத்தடியில் நின்று மாவிலை விலை கேட்கும் கூட்டத்தைப் பார்க்கும்போது, தூக்கத்தில் நடக்கும் ஊரில் நானும் நடப்பது போலிருக்கும். எனக்கு அந்த உணர்வு பிடிக்கும். தினமும் அந்த இடத்தில் என் நடை கொஞ்சம் மெதுவாகிவிடும்.

வீடு திரும்பியபோது மணி 3.10. மின்தூக்கிக் கதவு திறந்ததும் எதிரில் பக்கத்து வீட்டுத் தம்பி நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயது. கட்டுமானத் தளத்தில் உயரக் கிரேன் ஓட்டுகிறார். எனக்காகத்தான் காத்திருந்திருக்கிறார்.

"அக்கா, இன்னைக்கும் எழுப்பிடுச்சு. மணி என்னன்னு பாக்கக்கூட முடியல, அவ்ளோ எரிச்சல்."

"நாலு பதினெட்டு," என்றேன்.

"அதான்! அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்."

விஷயம் இதுதான். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் முன்னால் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் உச்சி எங்கள் நான்காம் மாடி சன்னல்களுக்கு நேராக இருக்கிறது. அதில் ஒரு காகக் கூடு, அந்தக் கூட்டைச் சுற்றிக் குயில். இரண்டு மாதமாக அவருக்குத் தூக்கம் கெடுகிறது. 5.45க்கு அலாரம் வைத்துப் படுப்பவர் நாலேகாலுக்கு விழித்தால் பிறகு தூங்குவதில்லை. குடியிருப்பைப் பராமரிக்கும் பேட்டை அலுவலகத்தில் புகார் கொடுத்திருந்தார். வியாழக்கிழமை ஓர் அதிகாரி வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, புதன்கிழமை ஆட்கள் வந்து கூட்டை எடுப்பார்கள், மேல்கிளைகளையும் வெட்டிவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார். ஆனால் குயில் எந்தெந்தத் தேதியில் எத்தனை மணிக்குக் கூவியது என்ற விவரம் திங்கட்கிழமைக்குள் வேண்டுமாம்.

"எனக்கு எப்படிலா தெரியும்? நான் பாதித் தூக்கத்துல திட்டிக்கிட்டு இருப்பேன். உங்ககிட்டதான் எல்லாம் எழுதி இருக்கே அக்கா. இந்தப் புளோக்லயே கரெக்டா டைம் எழுதுற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளாகக் குயிலின் முதல் குரலைக் குறித்து வருகிறேன். அதிகாலையில் விழிப்பு வரும் வயது வந்தபோது, விழித்துக் கிடக்கும் நேரத்தை வீணாக்க வேண்டாமே என்று தொடங்கியது. அந்தக் குறிப்புகள் யாருக்காவது பயன்படும் என்று நான் நினைத்ததே இல்லை.

"அவ்ளோ சிரமமா இருக்கா தம்பி?" என்று கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "செவ்வாக்கிழமை கீழ இருந்து சிக்னல் ஆளு ரெண்டு தடவ கூப்பிட்டிருக்கான். எனக்கு ரெண்டாவதுதான் காதுல விழுந்துச்சு. பாரம் தொங்குது, அக்கா. கீழ ஆளு நிக்கிறான். சூப்பர்வைசர் பேர எழுதிக்கிட்டாரு. இன்னொரு தடவன்னா எறக்கிடுவாங்க. எறக்குறதுகூடப் பரவால்ல. கீழ நிக்கிறவனுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா?"

புக்கிட் பாத்தோக்கிற்கு அப்பால், காடாக இருந்த இடத்தில் எழும் அடுக்குமாடிகளில் அவருக்கு வேலை. ஒருமுறை சொல்லியிருக்கிறார்: காலையில் முதல் வெயில் வரும்போது செம்பருந்து ஒன்று அவருடைய கண்ணாடி அறையின் மட்டத்தில் வட்டமிடுமாம். கீழே இருந்த மரங்கள் போய்விட்டன, பருந்து மட்டும் பழைய உயரத்திலேயே சுற்றுகிறது என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல், கனவைச் சொல்பவரின் குரல் மாதிரி இருந்தது.

சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து, அடிக்கோல் வைத்துக் கட்டங்கள் போட்டேன். ஜனவரி முதல் தேதியிலிருந்து தொடங்கினேன். மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்த என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன, குயிலுக்கு எதிரா சாட்சி சொல்லப் போறியா?"

"நான் நேரத்தைத்தான் எழுதறேன்."

"குயில் வக்கீல் வெச்சிருக்கா?"

"டீ போட்டுக் குடிச்சிட்டு சும்மா இருங்க."

நேரங்களை எடுத்தெழுத எடுத்தெழுத அந்தந்த விடியற்காலைகள் திரும்பி வந்தன. மழை பெய்த காலை, பெய்து ஓய்ந்து சன்னல் கம்பியில் துளி நின்ற காலை, யாரோ வீட்டில் குக்கர் சத்தம் கேட்ட காலை. எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் குரல், படி ஏறுவதுபோல ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மேலே. பாதி விழிப்பில் அதைக் கேட்கும்போது புளோக் முழுவதும் மிதப்பது போலிருக்கும். மரத்தின் உச்சி தண்ணீருக்கடியில் அசையும் பாசி போலத் தெரியும்.

என் சிறு வயதில் இந்தத் தீவில் குயில் கூவிக் கேட்ட நினைவு எனக்கில்லை. காகங்களே மனிதர்களோடு கப்பலில் வந்து பெருகியவை என்று படித்திருக்கிறேன். கூடு கட்டக் காகம் இருந்ததால் குயில் தங்கியது. புளோக்குகளுக்கு நடுவே அழகுக்காக நட்ட மரங்கள் அதற்குப் பழம் கொடுத்தன. காட்டின் மிச்சம் என்று அதை நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. இந்தப் பறவையை வரவழைத்தது நகரம். தூங்குமூஞ்சி மரமும் புளோக் கட்டி முடித்த பிறகு கன்றாகக் கொண்டுவந்து நட்டதுதான்.

ஜனவரி முதல் இரண்டு வாரம் எழுதி முடித்தேன். 5.52, 5.49, 5.55, 5.50. கை நின்றது. அலாரத்துக்குப் பிந்திய நேரங்கள் இவை. பதினேழாம் தேதி 5.31. அடுத்த வாரம் ஐந்துக்கு முன்னால். மாதக் கடைசியில் 4.30. அதற்குப் பிறகு நாலேகாலை ஒட்டியே. ஒவ்வொரு நாளும் நானே எழுதியவை. ஒரு நாளை அடுத்த நாளோடு சேர்த்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஜனவரி 16, செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திருப்பினேன். என் கையெழுத்தில் ஒரு வரி: "கீழே நடைபாதைக்குப் புதிய விளக்கு. வெள்ளை. மிக நல்ல வெளிச்சம்."

எழுந்து சன்னலுக்குப் போனேன். அந்த விளக்கின் கம்பம் மரத்தை ஒட்டி நிற்கிறது. அதன் தலை, கிளைகளுக்குள் நுழைந்ததுபோல இருக்கிறது. இரவில் பார்த்தால் ஒரு பக்க இலைகள் பகல் நிறத்தில் இருக்கும். தூங்குமூஞ்சி மரம் இருட்டியதும் இலைகளை மூடிக்கொள்ளும். அந்தப் பக்கம் அரைகுறையாகவே மூடும். அதையும் நான் பார்த்திருக்கிறேன். அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு படுக்கப் போயிருக்கிறேன்.

பிப்ரவரியில் 20, 21 ஆகிய இரண்டு நாள்கள் மட்டும் நேரம் மாறியிருந்தது. 5.40, 5.46. பக்க ஓரத்தில், "விளக்கு எரியவில்லை. புகார் செய்தேன்." 21ஆம் தேதி மாலை, "சரிசெய்துவிட்டார்கள்." மறுநாள் மறுபடியும் 4.25.

இதில் நான் யாரையும் குறை சொல்ல முடியாது. அந்த விளக்கைக் கேட்டு எழுதியவளே நான். சென்ற ஆகஸ்டில் வேலை முடிந்து வந்த ஒரு மழை நாளில் அந்தப் பாதையில் கால் வழுக்கியது. மறுநாளே எழுதினேன். இருட்டான பகுதி நாற்பத்திரண்டு காலடி, மரத்தின் நிழல் இத்தனை காலடி, கம்பம் எங்கே இருந்தால் நல்லது என்று படம்கூடப் போட்டிருந்தேன். நான் புள்ளி வைத்த இடத்திலேயே கம்பம் நட்டார்கள். அதைப் பார்த்துப் பூரித்துப் போயிருந்தேன்.

மாலை ஏழு மணிக்குத் தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தம்பி தாழ்வாரக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ரெடியா அக்கா? ஆத்தாடி, கட்டம்லாம் போட்டு... பரீட்சை பேப்பர் மாதிரி இருக்கு."

"ஜனவரி பதினாறு வரைக்கும் படிங்க."

விரலை வைத்துப் படித்தார். "அஞ்சு அம்பது... அஞ்சு அம்பத்தஞ்சு... அப்ப நான் அலாரத்துக்குத்தானே எழுந்திருக்கேன். அப்புறம் இதுக்கு என்ன வந்துச்சு?"

அந்த நேரத்தில் கீழே விளக்கு எரியத் தொடங்கியது. கையைக் காட்டினேன். மரத்தின் பாதி வெளுத்தது.

"வெளக்கா?"

"எரியாத ரெண்டு நாளும் பாருங்க. கீழ வட்டம் போட்டிருக்கேன்."

அவர் தாளையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "விடிஞ்சிருச்சுன்னு நெனைக்குதா? பாவம். சரி, எவன் கேட்டான் இத இங்க?"

"நான்தான் தம்பி."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தேநீர் தளும்பியது. "ரெண்டு மாசமா நான் அந்தக் குயில அம்மா அப்பான்னு திட்டிக்கிட்டு இருக்கேன். திட்டியிருக்க வேண்டியது உங்களயா!"

"இப்பத் திட்டிக்கங்க."

"உங்கள எப்படித் திட்டுறது? மணி பாத்து நோட்டுல எழுதிடுவீங்க."

சிரிப்பு அடங்கியதும் அவர் முகம் மாறியது. "ஆனா அக்கா, புதன்கிழமை ஆளு வரான். கூட்டக் கலைச்சா எனக்கு அன்னைக்கே தூக்கம். வெளக்க மறைக்கச் சொல்லி எழுதினா எத்தன நாள் ஆகும்? வெளக்கு வர எத்தன மாசம் ஆச்சு?"

"அஞ்சு."

"கெட்டுப்போச்சுன்னா ரெண்டு நாள்ல வந்தாங்க. நல்லா எரியுதுன்னு கம்ப்ளைன்ட் பண்ணா, அவங்க நம்மளத்தான் ஒரு மாதிரி பாப்பாங்க. அதுவரைக்கும் நான் கிரேன் மேல உக்காந்து என்ன பண்றது?"

கூட்டை எடுத்தால் வேறு காகம் கட்டும், வெள்ளை விளக்கு அப்படியே இருக்கும் என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் அந்த உண்மை திங்கட்கிழமை காலை அவருக்கு உதவாது. நான் இழுத்துவிட்ட வேலைக்கு அவர் ஏன் விழித்திருக்க வேண்டும்?

"உங்க பின்னறைல படுத்துக்க முடியாதா?"

"அங்க பொண்ணுங்க ரெண்டும். பெரியவளுக்கு இந்த வருஷம் பரீட்சை."

எங்கள் பின்னறை மகன் வெளிநாட்டில் படிக்கப் போனதிலிருந்து காலி. அதன் சன்னல் சாலைப் பக்கம். இரண்டு கதவைச் சாத்தினால் மரத்தின் பக்கத்துச் சத்தம் வராது. இதை நான் யோசித்து முடிப்பதற்குள், வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் சொல்லிவிட்டார்: "இங்க வந்து படுய்யா. தப்பு பண்ணது எங்க வீடு. தலகாணி மட்டும் எடுத்துட்டு வா."

"ஐயோ, வேணாம் அண்ணே. என் வைஃப் சிரிப்பா."

"சிரிக்கட்டும். சத்தமா சிரிச்சா குயில் ஓடிடும்."

பேரம் பேசி முடித்தோம். இரண்டு வாரம். அதற்குள் விளக்குக்கு மறைப்பு வராவிட்டால் கூட்டை எடுக்க அவர் மறுபடி எழுதுவார், நான் தடுக்கக் கூடாது. அன்றே கடிதம் எழுதினேன். புதன்கிழமை வேலையை நிறுத்தி வையுங்கள், விளக்கின் மரப்பக்கத்தை மட்டும் மறைத்துத் தாருங்கள், பாதைக்கு வெளிச்சம் வேண்டும். சென்ற ஆகஸ்டில் இந்த விளக்கைக் கேட்டவள் நான்தான் என்று முதல் வரியிலேயே எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "மேல அர்ஜென்ட்னு போடுங்க" என்றார். போட்டேன். அடிக்கோடும் போட்டேன்.

ஒன்பது மணிக்குத் தலையணையும் போர்வையுமாக வந்தார். கூச்சத்தில் யாரையும் பார்க்காமல் நேராகப் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குயில் 4.20க்குக் கூவியது. நான் விளக்கைப் போடவில்லை. வெறுங்காலோடு கூடத்தைக் கடந்து பின்னறைக்குப் போய்க் கதவில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே குறட்டை. வெளியே குயில் இன்னொரு முறை, முன்னைவிட உயர்த்திக் கூவியது. குறட்டை நிற்கவில்லை.