நெஞ்சுக்குள் ஒரு லூஸ் கனெக்‌ஷன்

டெஸ்டர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். முப்பத்தொரு வருடமாக வீட்டு வயரிங் வேலை. சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கிற இடத்தில் அவர் டெஸ்டர் வைத்திருப்பார்; அதனால் வந்த பெயர். எதையும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டார். மனைவி காபி சூடாக இருக்கிறது என்று சொன்னால்கூடச் சந்தேகம்தான்.

போன வருடம் ஒருநாள் செருப்பு மாட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நாடி நிமிடத்துக்கு முப்பத்தெட்டுதான் ஓடியது. இதயத்துக்குள் மின்சாரம் போகிற வழி அடைத்துக்கொண்டதாம். இடது தோளுக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு பேஸ்மேக்கர் பெட்டியை வைத்து, அதிலிருந்து ஒரு மெல்லிய வயரை ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் விட்டார்கள். ஊருக்கெல்லாம் வயரிங் பண்ணினவனுக்கே வயரிங் பண்ணிவிட்டார்கள் என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு மூன்றாவது பரிசோதனையோடு நின்றது. ஒவ்வொரு முறையும் பெட்டியைச் சோதித்து ஒரு சீட்டு கொடுப்பார்கள். மற்ற நோயாளிகள் அதை மடித்துப் பையில் போடுவார்கள். நம்மவர் சும்மா விடுவாரா? மூன்று சீட்டையும் மேசையில் வரிசையாக வைத்துப் படித்தார். ‘லீட் இம்பீடன்ஸ்’ என்று ஒரு வரி. லீட் என்றால் அந்த வயர்; இம்பீடன்ஸ் என்றால் வயரின் தடை என்று அவர் எடுத்துக்கொண்டார். முதலில் 480 ஓம்ஸ், அடுத்தது 530, இப்போது 640.

ஒரு முழ வயரில் அறுநூற்று நாற்பது ஓம்ஸா? அரை ஓம் காட்டினாலே அவர் வயரை உருவி எறிகிற ஆள். அதுவும் சீட்டுக்குச் சீட்டு ஏறுகிறதென்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: எங்கோ ஜாயின்ட் விட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு மாவு மில்லில் அப்படி விட்ட ஜாயின்ட் போர்டையே உருக்கியதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். மூன்றாவது சீட்டைக் கொடுத்த மருத்துவமனைப் பணியாள் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் சொன்னான். ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் எத்தனை வீட்டில் இவரே அப்படிச் சொல்லிவிட்டு நழுவியிருக்கிறார்! அந்த வார்த்தையின் லட்சணம் அவருக்குத் தெரியாதா?

வீட்டில் மூச்சு விடவில்லை. வயருக்கு அசைவு கூடாதென்று இடது கையைத் தூக்குவதை நிறுத்தினார். வீட்டு ஸ்விட்ச் ஒவ்வொன்றுக்கும் கொட்டை எழுத்தில் பெயர் ஒட்டினார். பிரேக்கர் விழுந்தால் எப்படித் தூக்கிவிடுவது, மோட்டார் சத்தம் மாறினால் எதை நிறுத்துவது என்று மனைவிக்குப் பாடம் நடத்தினார். இத்தனை வருடம் இல்லாத அக்கறை இப்போது எங்கிருந்து வந்தது என்று அவள் முணுமுணுத்தாள். தான் இல்லாத வீட்டுக்கு அவளைத் தயார்படுத்துகிறார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

மூன்று மாதம் இப்படியே போனது. ஒருநாள் காலையில் சட்டை மாட்டும்போது இடது கை தோளுக்கு மேல் எழவே இல்லை. மனைவி பதறிப்போய், அவர் சொன்ன எந்தச் சாக்கையும் காதில் வாங்காமல், மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

பேஸ்மேக்கர் அறையில் இருந்த டெக்னீஷியன் பெண் கை ஏன் இறுகிப்போனது என்று கேட்டாள். டெஸ்டர் மனைவியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு மூன்று சீட்டையும் எடுத்து நீட்டினார்.

“வயர் விட்டுக்கிட்டு இருக்கும்மா. மறைக்காம சொல்லுங்க. இன்னும் எத்தனை நாள் தாங்கும்?”

மனைவி நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதற்கே அவளைப் பாராட்ட வேண்டும். அந்த எண் வயரின் தடை மட்டும் அல்ல என்றாள். வயருக்கென்று இருப்பது அதில் சிறு பங்குதான். வயர் முனையிலிருந்து கிளம்புகிற துடிப்பு இதயச் சதையையும் ரத்தத்தையும் தாண்டித்தான் திரும்பி வரவேண்டும். முனை சதையைத் தொடுகிற இடத்தில் கெபாசிட்டர் போலக் கொஞ்சம் மின்சாரம் சேர்ந்து நின்று மல்லுக்கட்டும். எல்லாமாகச் சேர்ந்து கொடுக்கிற எதிர்ப்புக்குத்தான் இம்பீடன்ஸ் என்று பெயர். உடம்பைப் பொறுத்து அது நூறு இருநூறு ஏறும், இறங்கும். வயர் அறுந்தால் இரண்டாயிரத்தைத் தாண்டும், உறை கிழிந்தால் இருநூற்றுக்குக் கீழே விழும்.

டெஸ்டருக்கு டியூப் லைட் சோக்கின் கம்பிச் சுருள் ஞாபகத்துக்கு வந்தது. மீட்டரில் நாற்பது ஓம்ஸ் காட்டும். அந்தக் கணக்குப்படி ஆறு ஆம்பியர் இழுக்க வேண்டும். லைனில் போட்டால் அரை ஆம்பியர்கூட இழுக்காது, ஏனென்றால் மாறி மாறி ஓடுகிற மின்சாரத்தைச் சுருளே தடுத்து நிறுத்துகிறது. மீட்டர் பார்ப்பது கம்பியை மட்டும்தான். ஆயிரம் சோக் மாட்டியவருக்குத் தன் நெஞ்சு என்று வந்ததும் அது மறந்துபோயிற்று.

ஆனாலும் பழக்கம் விடுமா?

“லூஸ் கனெக்‌ஷன் இருந்தா ஆட்டிப் பார்த்தாத்தானே தெரியும்” என்றார் மெதுவாக.

“ஆட்டித்தான் பார்க்கப்போறோம் ஐயா. இடது கையைத் தூக்குங்க.”

அவர் தூக்கவில்லை. மூன்று மாதமாகப் பொத்திப் பொத்தி வைத்த வயர் இந்த நொடியில் அறுந்தால்? மனைவி எழுந்து வந்து அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். கை வலியோடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. மடங்கிய முழங்கை காதருகே வந்தது. டெக்னீஷியன் பெண் முன்னே நீட்டச் சொன்னாள், பின்னே இழுக்கச் சொன்னாள், பெட்டியின் மேலேயே விரலால் அழுத்தினாள். திரையில் 640, 632, 641. அவ்வளவுதான். குதிக்கவில்லை, விழவில்லை.

“வயர் கல்லு மாதிரி இருக்கு” என்றாள் அந்தப் பெண். தோளுக்கு மட்டும் பயிற்சி செய்யச் சொன்னாள்.

டெஸ்டருக்கு மார்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியதுபோல் இருந்தது. வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து, உயிரோடு இருப்பது இவ்வளவு சுகமா என்று ஆழமாக மூச்சு விட்டார். மனைவி அவருக்கு இடப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தார்.

“ராத்திரி ஏன் சுவத்தைப் பார்த்தே படுத்தீங்க?” என்றாள் கடைசியில்.

“இடது பக்கம் திரும்பிப் படுத்தா வயர் நசுங்கும்னு...”

“நான் உங்களுக்கு இடது பக்கம்தானே படுக்கிறேன்.” “மூணு மாசமா எம்மேல ஏதோ வெறுப்புன்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன்.”

அவர் வலித்தாலும் பரவாயில்லையென்று இடது கையைத் தூக்கி, ஆட்கள் நடந்துபோகிற அந்த நடைபாதையிலேயே அவள் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டார்.