அலாரிப்பில் இல்லாத மயில்

எனக்கு இப்போது பதினெட்டு வயது. நான் வளர்ந்துவிட்டேன் என்று வீட்டில் ஒருவரும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பன்னிரண்டு வயதில் அப்பாவுக்கு நான் செய்த ஒரு வேலையை நினைத்தால் இப்போது சோறு தொண்டையில் இறங்குவதில்லை. அந்த வயதில் அதே வேலையை நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் வளர்ந்துவிட்டதாகச் சொல்லுகிறேன்.

அப்பாவுக்குக் கட்டாரில் ஏசி திருத்துகிற வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எங்கள் ஊர் அன்புவழிபுரத்துக்கு வருவார், நாற்பது நாள் நிற்பார், போய்விடுவார். அந்த வருடம் சித்திரை வருசத்துக்கு வருவதாக இருந்தது. அவர் வந்த பிறகுதான் எனக்கு முதல் சலங்கை என்று முடிவு செய்திருந்தோம். எங்கள் நடன ரீச்சரின் வழக்கம் அப்படி. சலங்கையைத் தட்டில் வைத்து ரீச்சர் தொட்டுக் கும்பிட்டுத் தாய் தகப்பனிடம் கொடுப்பார். அவர்கள் அதைப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் வெறுங்காலோடுதான் ஆட்டம். என்னோடு சேர்ந்த பிள்ளைகள் எல்லோரும் சலங்கை கட்டிவிட்டார்கள். நான் மட்டும் அப்பாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அப்பா எப்போதும் நான் ஆடுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறாரே தவிர ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. அவர் வந்து நின்ற நாட்களில் நான் நடனம் பழகத் தொடங்கியிருக்கவில்லை.

பங்குனியில் கொரோனா வந்தது. விமான நிலையத்தை மூடினார்கள், பள்ளிக்கூடத்தை மூடினார்கள், ஓர்ஸ் ஹில்லில் இருந்த எங்கள் நடன வகுப்பையும் மூடினார்கள். ஊரடங்கில் மனிதர்களெல்லாம் உள்ளே இருக்க, கடைத்தெருவில் திரிகிற ரவுண் மான்கள் நடுறோட்டில் படுத்துக் கிடந்தன. இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்த ரீச்சர், இனிப் போனில் வகுப்பு என்று அறிவித்தார்.

எங்கள் வீட்டில் சிக்னல் வருகிற ஒரே இடம் பின்வளவில் கிணற்றடி. போனை எதிலாவது சாய்த்து வைத்தால் என் கால் தெரிந்தது, தலை தெரியவில்லை. தலை தெரிந்தால் காலைக் காணோம். ரீச்சருக்கு இரண்டும் வேண்டும். அப்போது அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஆட்டோ ஓட்ட வழியில்லாமல் வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அவரைக் கதிரையில் ஏற்றிவிட்டுக் கையில் போனைக் கொடுத்தோம். முதல் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாரிப் பிடிப்பு என்றார். இரண்டாம் மாதம், "மருமகள், இப்ப உன்னைவிட நான் நல்லா ஆடுவன், கால்தான் மடங்காது" என்றார். ரீச்சர் யாருக்காவது முத்திரை பிழை என்று சொன்னால், எந்தப் பிள்ளை என்று மாமா முதலிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

இன்னொரு உதவியும் செய்தார். ரீச்சர் தட்டுக்கழியால் தட்டுவது எங்களுக்கு வந்து, நாங்கள் மிதிப்பது திரும்பி அவரிடம் போய்ச் சேருவதற்குள் ஒரு தாளம் ஓடிவிடும். ரீச்சர், "பிந்துது, எல்லாருக்கும் பிந்துது" என்று தலையில் அடித்துக்கொள்வார். மாமா இதை ஆராய்ந்துவிட்டு, ரீச்சர் தட்டுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே மிதிக்கச் சொல்லித் தந்தார். அதற்குப் பிறகு எனக்கு மட்டும் பிந்தவில்லை. தாளம் நிற்கிற ஒரே பிள்ளை என்று ரீச்சர் எல்லோருக்கும் என்னை உதாரணம் காட்டினார். நேர்வகுப்புத் தொடங்கிய முதல் நாள் நான் தனியாக முன்னாடி மிதித்து மானம் போனது வேறு கதை.

அப்பா வருவது சித்திரையிலிருந்து ஆடிக்குப் போய், ஆடியிலிருந்து ஐப்பசிக்குப் போய், ஐப்பசியிலும் இல்லை என்று ஆனது. இனிக் காத்திருக்க ஏலாது என்று ரீச்சர் சொல்லிவிட்டார். நவராத்திரி வாணி விழாவுக்குப் போனிலேயே நிகழ்ச்சி, அதிலேயே எனக்குச் சலங்கை, பெற்றோர் எங்கிருந்தாலும் பார்க்கலாம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சலங்கை கட்டுவதைவிட, அப்பா பார்ப்பார் என்பதுதான் எனக்குப் பெரிது. கிழமை முழுக்க அவருக்குப் போனில் கோல் எடுத்து, எத்தனை மணிக்கு, எந்த இடத்தை அமத்த வேண்டும், சத்தத்தை எப்படிக் கூட்ட வேண்டும் என்று பாடம் எடுத்தேன். "ஓம் மகள், ஓம் மகள்" என்று கேட்டுக்கொண்டார்.

விழா அன்று காலையில் கிணற்றடிக் கொடியில் அம்மா வெள்ளைப் படுக்கைவிரிப்பைக் கட்டினார். சலங்கைத் தட்டைப் போனுக்கு முன்னால் பிடித்தார். ரீச்சர் அங்கிருந்து கையை நீட்ட, திரை முழுக்க அவருடைய உள்ளங்கை தெரிந்தது. அப்படியே ஆசீர்வாதம் முடிந்தது. அப்பா கொடுக்க வேண்டிய சலங்கையை அம்மாவே என் கையில் தந்தார். மூலையில் ஒரு சின்னப் பெட்டிக்குள் அப்பா இருந்தார். அவருக்குப் பின்னால் இரும்புக் கட்டிலும் நாலைந்து தலைகளும் தெரிந்தன. கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

நான் ஆடியது அலாரிப்பு. புதுப்பிள்ளைகள் முதலில் பழகுகிற ஆட்டம். அதில் கதை கிடையாது, பாட்டு கிடையாது. கையைத் தலைக்கு மேல் கூப்பி நின்று, பிறகு கண், கழுத்து, தோள், கை, கால் என்று ஒவ்வொன்றாக ரீச்சர் சொல்லுகிற சொல்லுக்கு அசைத்து ஆடி முடிப்பது. நாலு நிமிடம்தான். நான் ஒரு பிழை விடவில்லை. மாமாவுக்குக் கண் கலங்கிப் போன் ஆடியது.

பின்னேரம் அப்பா கோல் எடுத்தார்.

"எப்பிடி அப்பா?"

"அந்த மாதிரி ஒரு ஆட்டம், மகள். கண்ணுக்குள்ளயே நிக்குது."

"எது நல்லா இருந்தது?"

"தொடக்கம். கையைக் கும்பிட்டுக்கொண்டு நிண்டீங்களே, அது."

எனக்குச் சப்பென்று போய்விட்டது. கும்பிட்டுக்கொண்டு யாரும் நிற்கலாம். ஆட்டமே அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கழுத்து எப்படி என்று கேட்டேன், நல்லம் என்றார். கால் எப்படி என்று கேட்டேன், அதுவும் நல்லம் என்றார். பக்கத்தில் நின்ற மாமாவுக்கு எப்போதும் யாரையாவது சீண்டாவிட்டால் சரிவராது. என் காதுக்குள், "அத்தான் பாத்தாரோ நித்திரை கொண்டாரோ தெரியாது. மயில் எப்பிடி இருந்தது எண்டு கேளன்" என்றார்.

கேட்டேன். அப்பா, "மயிலோ? எல்லாத்திலயும் அதுதான் வடிவு, மகள்" என்றார்.

நான் போனை அமத்திவிட்டேன். அப்பா பார்க்கவில்லை, பார்த்ததாகப் பொய் சொல்லுகிறார் என்று வீடு அதிரக் கத்தினேன். அம்மா மாமாவை ஒரு பார்வை பார்த்தார். மாமா, சும்மா பகிடிக்குத்தான் சொன்னேன் என்று என் பின்னால் சுற்றினார். நான் ஒருவரையும் கேட்பதாயில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா கோல் எடுத்தபோது குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். மகளுக்குப் படிப்பு என்று அம்மா சமாளிப்பது கதவுக்கு வெளியே கேட்கும். வெளியே வரலாமா என்று கால் துடிக்கும், ஆனாலும் வரமாட்டேன். இப்படியே தைப்பொங்கலும் கழிந்தது.

மாசி மாதம் ஒருநாள் கிண்ணியாவிலிருந்து ஒருவர் பாலம் கடந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். கட்டாரில் அப்பாவோடு ஒரே அறையில் இருந்தவர். வேலை போய், ஊருக்குத் திரும்பி, தனிமைப்படுத்தலும் முடித்துவிட்டு வந்திருந்தார். அப்பா கொடுத்துவிட்ட பார்சலில் சொக்லேட், அம்மாவுக்குத் தைலம், எனக்குப் போனை வைத்துப் பிடிக்கிற மூன்றுகால் கம்பி. அதற்கு முந்தின கிழமைதான் நேர்வகுப்புத் தொடங்கியிருந்தது. மாமா அந்தக் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என்ர வேலையும் போச்சு" என்றார்.

அம்மா தேத்தண்ணி கொடுத்தார். கிண்ணியாக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"டான்ஸ் ஆடின மகள் நீங்கதானே? அண்டைக்கு எங்கட கேம்ப்ப அடைச்சிருந்தாங்க, வெளிய போக ஏலாது. றூமில ஏழு பேர். ஒங்கட அப்பா விடியவே எழுப்பி எல்லாரையும் குளிக்கச் சொல்லிட்டார். மகள் சலங்கை கட்டுறா, ஊத்தைச் சேட்டோட இருக்காதீங்க எண்டு. நாங்களும் குளிச்சிட்டு வந்து கட்டில்ல வரிசையா இருந்தம். நீங்க கையக் கும்பிட்டு நிண்டீங்க. அதோட படம் நிண்டுட்டு. சத்தமும் இல்ல."

அம்மா கதிரை ஒன்றை இழுத்து உட்கார்ந்தார்.

"நாங்க எழும்பப் பாத்தம். அவர் விடல்ல. இருங்க, இப்ப வரும், இப்ப வரும் எண்டார். கடைசியில மத்தாக்கள் கைதட்டுற சத்தம்தான் வந்திச்சு. நாங்களும் தட்டினம்."

அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பிறகு நீங்க மயிலக் கேட்டீங்களாமே? அண்டையிலிருந்து கதைக்கிறதும் இல்லையாம். எங்க எல்லாரிட்டயும் கேட்டுத் திரிஞ்சார், மயில் எப்ப வந்திச்சு, ஆராச்சும் கண்டீங்களா எண்டு. தான் அத வடிவாச் சொல்லல்ல, அதான் மகளுக்குக் கோவம் எண்டு சொல்லிச் சொல்லி மறுகுவார். மகள், அந்த மயில ஒருக்கா ஆடிக் காட்டுங்களன். நான் போன்ல எடுத்து அனுப்புறன்."

"மயில் இல்லை," என்றேன். "அலாரிப்பில மயில் வராது. பொய்யாத்தான் கேட்டனான்."

வகுப்பில் கேள்விக்குச் சரியான விடை சொன்ன பிள்ளை மாதிரித்தான் சொன்னேன். கிண்ணியாக்காரர் கோப்பையை வைத்துவிட்டு மாமாவைப் பார்த்தார். மாமா தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவரிட்ட நான் ஒண்டும் சொல்லமாட்டன், மகள்," என்றார் அவர். "மயில் இருந்ததாவே இருக்கட்டும்."

அவர் போன பிறகு, பார்த்தீங்களா, நான் சொன்னது சரி, அப்பா பார்க்கவே இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா குசினிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. இரவுச் சாப்பாடு பிந்தப் போகிறது என்றுதான் நான் நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை போனில் அப்பாவோடு கதைத்தேன், அவரை மன்னித்துவிட்ட தோரணையில்.

அடுத்த வருடம் அப்பா வந்தார். அதற்குள் வகுப்பு மறுபடி மூடியிருந்தது. சலங்கை அலுமாரிக்குள் போயிருந்தது, பிறகு வெளியே வரவே இல்லை. ஒருநாள் சாப்பிடும்போது, "மகள், அந்த மயில்..." என்று தொடங்கினார். எல்லாம் மறந்துபோச்சு அப்பா என்றேன். சரி என்று சோற்றைப் பிசைந்தார். நாற்பது நாளில் வேறொன்றும் கேட்கவில்லை.

அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்று யோசிக்க எனக்கு அப்போது தெரியவில்லை. படம் நின்றுவிட்டது என்று சொன்னால் நான் அழுவேன் என்று பயந்திருக்கிறார். அசையாத ஒரு படத்துக்கு முன்னால் அறையில் எல்லோரையும் குளிக்கவைத்து உட்காரவைத்துக்கொண்டு, இப்ப வரும், இப்ப வரும் என்று பார்த்திருந்த மனிதரை நான் மாதக்கணக்காய்த் தவிக்கவிட்டேன். என்னைப் பார்க்க வேண்டும் என்று அத்தனை ஆசையோடு அவரைப் போல் இன்றுவரை ஒருவரும் இருந்ததில்லை. இதை அவரிடம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அவர் இப்போதும் கட்டாரில்தான் இருக்கிறார்.

போன வெள்ளிக்கிழமை, வருகிற சித்திரைக்கு வரப் பார்க்கிறேன் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்த மயில ஆடிக் காட்டுவீங்களோ, மகள்?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

அடுத்த நாள் ஓர்ஸ் ஹில்லுக்குப் போனேன். நாலைந்து வருடத்துக்குப் பிறகு வாசலில் என்னைக் கண்ட ரீச்சர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். மயில் வருகிற ஆட்டம் ஒன்று பழக வேண்டும் என்றேன். எந்தப் பாட்டுக்கு என்று கேட்டார். எந்தப் பாட்டென்றாலும் பரவாயில்லை, மயில் வந்தால் போதும் என்றேன்.